சோலாப்பூர் வாத்தியாருக்கு ஒரு வெள்ளைப் பூ

இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு



சீனாக்காரர் பண்டிகை என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சிவப்பு விளக்கு, டிராகன் ஆட்டம், சரவெடி. சினிமாவிலும் டி.வி.யிலும் பார்த்தது அவ்வளவுதான். அது வசந்த விழா, அதாவது அவர்களுடைய புத்தாண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலைக்குப் போன நம்ம சீனியர்களைக் கேட்டால் அதைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். சீன மெஷின் ஒன்று நின்றுபோய், ஒரே ஒரு ஸ்பேர் பார்ட்டுக்காக பிப்ரவரி மாதம் மெயில் மேல மெயில் அனுப்புவார்கள். பதிலே வராது. அங்கே ஆபீசில் ஆள் இருந்தால்தானே! எல்லோரும் ரயில் ஏறி சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது அந்தப் பண்டிகை இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் சத்தமில்லாமல் வந்து போகிற இன்னொன்று. அதன் பெயர் சிங்மிங். "தெளிவு, வெளிச்சம்" என்று பொருள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்கிற நாள். அந்த நாளில் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், ஷிஜியாஜுவாங் என்ற நகரத்தில், ஒரு இந்தியருடைய கல்லறைக்கும் பூ வைக்கிறார்கள். அவர் பெயர் துவாரகாநாத் கோட்னிஸ். மகாராஷ்டிராவில் சோலாப்பூர்க்காரர். தொழில் டாக்டர். சீனாவில் அவர் பார்த்த முக்கியமான இன்னொரு வேலை, வாத்தியார் வேலை.

டாக்டர் கோட்னிஸ் என்ற தியாகியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி சில பேர் படித்திருக்கலாம். எனக்கு அதைவிட உறுத்தின கேள்வி வேறு. சிங்மிங் என்பது பெற்ற பிள்ளை, பேரன் செய்ய வேண்டிய காரியம். ஊர் விட்டு ஊர் போய், அங்கேயே செத்து, வாரிசும் இல்லாமல் போன ஒரு வெளிநாட்டு வாத்தியாருக்கு அதை யார் செய்வது? அவருக்கு அந்தப் பண்டிகையில் எப்படி இடம் கிடைத்தது?

முதலில் பண்டிகையைப் பார்த்துவிடுவோம்.

சீனர்களின் புத்தாண்டு நிலாக் கணக்கில் வருவது. அதனால் ஒரு வருஷம் ஜனவரி கடைசியில் வரும், இன்னொரு வருஷம் பிப்ரவரி நடுவில் வரும். சிங்மிங் அப்படி ஓடாது. அது சூரியக் கணக்கு. சூரியன் வானத்தில் ஒரு வருஷத்தில் சுற்றி வருகிற 360 டிகிரியையும் பதினைந்து பதினைந்து டிகிரியாக வெட்டினால் எத்தனை துண்டு? 24. அந்த 24 துண்டுக்கும் சீனர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பகலும் இரவும் சமமாக இருக்கிற மார்ச் 20 அல்லது 21-ஐ பூஜ்யம் டிகிரி என்று வைத்தால், அடுத்த 15 டிகிரியில் வருவது சிங்மிங். அதனால்தான் எந்த வருஷமும் ஏப்ரல் 4, 5 என்று அந்தப் பக்கமே நிற்கிறது. விவசாயி விதைப்பதற்கு இந்தக் கணக்கைத்தான் பார்ப்பான்.

நம்ம சித்திரை ஒண்ணும் சூரியக் கணக்குதான். ஆனால் நாம் நட்சத்திரத்தை வைத்து அளக்கிறோம், அவர்கள் பகல் இரவுச் சமநாளை வைத்து அளக்கிறார்கள். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றுவதால், இந்த இரண்டு அளவுக்கும் நடுவே சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வித்தியாசம் விழும். நம்ம பொங்கல் தேதி நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்லத் தள்ளிப்போவதும், சிங்மிங் தேதி தள்ளிப்போகாததும் இதனால்தான். சர்வேயிங் பேப்பரில் ரெஃபரன்ஸ் பாயிண்ட் என்று படிக்கிறோமே, அதே சமாச்சாரம். எதை ரெஃபரன்ஸாக எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்றைக்கு என்ன செய்வார்கள்? குடும்பத்தோடு கிளம்பிப் போய் கல்லறை மேட்டில் முளைத்த புல்லைப் பிடுங்குவார்கள். மழையில் கரைந்த மேட்டுக்குப் புது மண் போடுவார்கள். கல்லில் பெயர் எழுத்து மங்கியிருந்தால் மறுபடி வர்ணம் தொட்டு எழுதுவார்கள். பிறகு படையல். இறந்தவருக்கு எது பிடிக்குமோ அது. கோழி, பழம், சோறு, ஒரு குவளை சாராயம். ஊதுபத்தி கொளுத்தி, பெரியவரிலிருந்து சின்னவர் வரை வரிசையாகக் கும்பிடுவார்கள். காகிதத்தில் அச்சடித்த பொய் நோட்டை எரிப்பார்கள், போனவருக்கு அங்கே செலவுக்கு வேணுமே! அந்த நோட்டில் போட்டிருக்கிற தொகையைப் பார்த்தால் தலை சுற்றும், கோடிக்கணக்கில் இருக்கும். மேலுலகத்தில் விலைவாசி அப்படி ஏறிக் கிடக்கிறது போல! மலேசியா, சிங்கப்பூர் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறவர்களைக் கேளுங்கள், காகிதத்தில் செய்த கார், செல்போன், பங்களாவெல்லாம் எரிப்பார்கள் என்று சொல்வார்கள். இப்போது சீன நகரங்கள் பலவற்றில் புகையும் தீ விபத்தும் வரும் என்று இதற்குத் தடை இருக்கிறது. பூ மட்டும் வைத்துவிட்டுப் போ என்கிறார்கள்.

கும்பிட்டு முடித்ததும் படைத்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வசந்த காலம், புல் பச்சையாக இருக்கும், பிள்ளைகள் பட்டம் விடும். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் அன்றைக்கு ஒரு பலகாரம் செய்வார்கள். பச்சரிசி மாதிரி ஒட்டுகிற ஒரு அரிசி மாவில் இலைச்சாறு விட்டுப் பிசைந்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்து, ஆவியில் வேகவைத்த பச்சை உருண்டை. வேறென்ன, நம்ம கொழுக்கட்டைதான். நிறம்தான் வேறே.

இதெல்லாம் கேட்க நமக்கு அன்னியமாகவா இருக்கு? நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள் அன்று நம்ம பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் செய்வது இதேதான். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அந்தச் சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணியும் இறைப்பதும், மகாளய அமாவாசையும், இலை போட்டுப் படைத்துவிட்டுக் காக்காயைக் கூப்பிடுவதும் இதே வகைதான். இல்லறத்தான் செய்ய வேண்டிய கடமைகளைச் சொல்லும்போது வள்ளுவர் தென்புலத்தாரைத்தான் முதலில் வைக்கிறார். சாமிகூட அதற்கு அப்புறம்தான்.

நாளைக்கு நம்மில் யாராவது வேலை விஷயமாகச் சீனாக்காரரோடு பழகினால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "சிங்மிங் வாழ்த்துகள்" என்று சொல்லிவிடக் கூடாது. அங்கே கல்லூரிகளில் இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிற வெளிநாட்டு வாத்தியார்கள் வழக்கமாக மாட்டிக்கொள்கிற இடம் இது. லீவு விட்டிருக்கிறார்களே, பண்டிகைதானே என்று உற்சாகமாக வாழ்த்திவிடுவார்கள். கேட்கிறவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். நம்ம வீட்டுத் திவசத்துக்கு ஒருத்தர் வந்து "ஹேப்பி திவசம்" என்று கை கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். புத்தாண்டுக்கு அந்த வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து வயிறு முட்டச் சாப்பாடு போடுகிற மாணவன், சிங்மிங்குக்கு அழைக்க மாட்டான். அது குடும்பத்துக்குள்ளே நடக்கிற விஷயம். வெளியாளுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு பழங்கதையும் உண்டு. நாட்டை இழந்து அலைந்த ஒரு இளவரசனுக்கு, பசியில் சாகப்போன நேரத்தில், தன் தொடைச் சதையை அறுத்துச் சமைத்துக் கொடுத்தாராம் ஜியே ஜிதுய் என்ற பணியாள். நம்ம ஊர்க் கண்ணப்பர் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். இளவரசன் அரசனானதும் எல்லோருக்கும் பதவி கொடுத்தான், இவரை மறந்துவிட்டான். இவர் தாயைக் கூட்டிக்கொண்டு மலைக்காட்டுக்குள் போய்விட்டார். பிறகு ஞாபகம் வந்து தேடிய அரசன், காட்டில் மூணு பக்கம் தீ வைத்தால் நாலாவது பக்கம் வெளியே வந்துவிடுவார் என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டான். அவர் வரவில்லை. தாயும் மகனும் ஒரு வில்லோ மரத்தடியில் கருகிக் கிடந்தார்கள். அந்த நாளில் யாரும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று அரசன் உத்தரவு போட்டானாம். அந்த "ஆறிய சோற்று நாள்" பின்னால் சிங்மிங்கோடு கலந்துவிட்டது. கி.பி. 732-ல் தாங் வம்சத்து அரசர் ஒருவர், பணக்காரர்கள் வருஷம் முழுக்க முன்னோர் பெயரில் ஆடம்பரம் செய்வதைப் பார்த்து, கல்லறைக்குப் போவதற்கு இந்த ஒரு நாள் போதும் என்று வரையறுத்ததாக வரலாறு.

இப்போது நம்ம கேள்விக்கு வருவோம். யார் கூட்டுவது?

பழைய சீன நம்பிக்கைப்படி பிள்ளை இல்லாதவன் பாடு கஷ்டம். கல்லறையைக் கவனிக்க வாரிசு இல்லை என்றால் அந்த ஆவி பசியோடு அலையும். அப்படிப்பட்ட அனாதை ஆவிகளுக்காக ஏழாம் மாதத்தில் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, தெருவோரத்தில் சோறு வைப்பார்கள். நம்ம ஊரில் "கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இல்லையே" என்று கிழவிகள் புலம்புவதில்லையா? அந்தப் பயம் அங்கேயும் உண்டு.

கோட்னிஸ் பிறந்தது 1910 அக்டோபர் 10. பம்பாயில் மருத்துவம் படித்தார். 1937-ல் ஜப்பான் சீனாமீது முழுப்போர் தொடுத்தது. சீனத் தளபதி ஜூ தே, டாக்டர்களும் மருந்தும் அனுப்ப முடியுமா என்று கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1938-ல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். நாம் அடிமை நாடாக இருந்த காலம் அது. நமக்கே ஆயிரம் பிரச்சினை. இருந்தும் மக்களிடம் பணம் திரட்டி ஐந்து டாக்டர்களை அனுப்பினார்கள். அட்டல், சோல்கர், முகர்ஜி, பாசு, கோட்னிஸ். 1938 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். ஐந்து பேரும் தங்கள் சீனப் பெயரின் கடைசியில் "ஹுவா" என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஹுவா என்றால் சீனா. கோட்னிஸ் அங்கே கே திஹுவா ஆனார்.

போன சில மாதங்களிலேயே அவருடைய தகப்பனார் இறந்த சேதி வந்தது. ஊருக்குத் திரும்பிவிடு என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் போகவில்லை. 1939 பிப்ரவரியில் யெனானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தகப்பன் காரியத்துக்கு நிற்காத பிள்ளை என்று நம்ம ஊரிலும் பேசுவார்கள், சீனாவிலும் பேசுவார்கள். அந்தப் பேச்சையும் சுமந்துகொண்டுதான் அவர் வடக்கே போர்முனைக்குப் போனார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் அவருக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு டாக்டர் இருந்தார். கனடாக்காரர் நார்மன் பெத்யூன். 1939-ல் ஒரு அறுவை சிகிச்சையின்போது விரலில் பட்ட வெட்டு சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி, நவம்பர் 12-ல் இறந்துபோனார். பெனிசிலின் இன்னும் மருந்தாகக் கைக்கு வராத காலம். அவர் தொடங்கிவைத்த மருத்துவப் பள்ளிக்கு அவர் பெயரே வைத்தார்கள். 1940-ல் பெத்யூனின் கல்லறைத் திறப்பு நடந்தது. கோட்னிஸ் அதற்குப் போயிருந்தார். அங்கேதான் குவோ சிங்லான் என்ற பெண்ணை முதல்முறை பார்த்தார். அவர் அந்தப் பள்ளியில் நர்ஸிங் சொல்லிக்கொடுத்தவர். அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம் ஆனது. சினிமாக் கதை எழுதுகிறவர்கள்கூட கல்லறைத் திறப்பில் காதல் என்று எழுதத் தயங்குவார்கள்!

பெத்யூன் பள்ளியில் கோட்னிஸ் அறுவை சிகிச்சைப் பாடம் எடுத்தார். பள்ளி என்றதும் நம்ம பாலிடெக்னிக் மாதிரி பில்டிங், லேப், போர்டு என்று கற்பனை பண்ணாதீர்கள். ஹெபெய் மாகாணத்து மலைக் கிராமத்தில், குடியானவர் வீடுகளில் நடந்த பள்ளி அது. ஜப்பான் படை வருகிறது என்று சேதி வந்தால் பள்ளியே மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கிராமத்துக்கு நகரும். மாணவர்களில் பல பேர் கிராமத்துப் பையன்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. கோட்னிஸ் என்ன செய்தார்? மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு காலம் தள்ளவில்லை. சீன மொழியைப் பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டு, அவர்கள் பாஷையிலேயே பாடம் நடத்தினார். நமக்குத் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டின அனுபவம் உண்டு. அந்த வாத்தியாரின் அருமை நமக்குப் புரியும்.

புத்தகமும் இல்லை. அதனால் தானே எழுத உட்கார்ந்தார். அறுவை சிகிச்சையின் பொது விதிகளைப் பற்றி ஒரு பாட நூலை எழுதினார். அடுத்த புத்தகத்தைத் தொடங்கினார், அது பாதியில் நிற்கிறது. இதற்கு நடுவில் போர்முனை வேலையும் உண்டு. 1940-ல் நடந்த பெரிய சண்டையின்போது 72 மணி நேரம் தூங்காமல் ஆபரேஷன் செய்தார் என்றும், எண்ணூறுக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களைக் கவனித்தார் என்றும் சொல்வார்கள். 1941 ஜனவரியில் பெத்யூன் சர்வதேச அமைதி மருத்துவமனைக்கு இயக்குநராக்கினார்கள்.

1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். பெயர் யின்ஹுவா. யின் என்றால் இந்தியா, ஹுவா சீனா. வலிப்பு நோய் கோட்னிஸை அரித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் டிசம்பர் 9-ம் தேதி இறந்துபோனார். வயது 32. குழந்தைக்கு நாலு மாதம்கூட முடியவில்லை. மற்ற நால்வரும் இந்தியா திரும்பினார்கள், இவர் மட்டும் திரும்பவில்லை. கே.ஏ. அப்பாஸ் இவர் கதையை எழுதினார். 1946-ல் சாந்தாராம் இந்திப் படமாக எடுத்து, அவரே கோட்னிஸாக நடித்தார்.

மகன் இருந்தானே, அவன் கல்லறையைக் கூட்டியிருக்க மாட்டானா என்று கேட்பீர்கள். யின்ஹுவாவும் மருத்துவம் படிக்கத்தான் சேர்ந்தான். படிப்பு முடியுமுன்பே 1967-ல் இறந்துவிட்டான். வயது இருபத்தைந்துகூட இல்லை. தகப்பனைவிடச் சின்ன வயதில் போய்விட்டான். குவோ சிங்லான் மட்டும் நெடுநாள் இருந்தார். இந்தியாவுக்கும் சில தடவை வந்து கணவரின் குடும்பத்தைப் பார்த்துவிட்டுப் போனார். 2012-ல் காலமானார். ஆக, அந்த மண்ணில் கோட்னிஸுக்கு ரத்த வாரிசு என்று யாரும் இல்லை.

ஆனாலும் கல்லறை சுத்தமாகத்தான் இருக்கிறது. முதலில் கிராமத்தில் புதைத்திருந்தவரை 1950-களின் தொடக்கத்தில் ஷிஜியாஜுவாங் தியாகிகள் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். பெத்யூனும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். இங்கேதான் பண்டிகையில் நடந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 1949-க்குப் பிறகு வந்த அரசு, முன்னோர் வழிபாடு, காகிதம் எரிப்பது எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது. சிங்மிங்குக்கு லீவும் கிடையாது. ஆனால் அந்த நாளை முழுசாக அழிக்க முடியவில்லை. அதனால் அதைத் தியாகிகள் நாளாக மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம், தொழிற்சாலை, ராணுவம் எல்லாம் வரிசையாகத் தியாகிகள் தோட்டத்துக்குப் போய், வெள்ளைக் காகிதப் பூவோ வெள்ளைச் சாமந்தியோ வைத்து வணங்கும். குடும்பம் செய்ததை ஊரும் பள்ளியும் செய்ய ஆரம்பித்தது. வாரிசு இல்லாத கோட்னிஸ் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். மகன் செய்ய வேண்டியதை மாணவர்கள் செய்கிறார்கள். "ஒரு நாள் பாடம் சொன்னவரும் வாழ்நாளெல்லாம் தகப்பன்" என்று சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அதை அவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கு.

அந்த நாளுக்கு எவ்வளவு பிடிமானம் என்பதற்கு இன்னொரு உதாரணம். பிரதமர் சூ என்லாய் 1976 ஜனவரியில் இறந்தார். அந்த வருஷ சிங்மிங்குக்கு பீஜிங் தியானன்மென் சதுக்கத்தில் மக்கள் தாங்களாகவே மாலை மாலையாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அரசாங்கம் இரவோடு இரவாக அவற்றை அகற்றியது, மறுநாள் ஏப்ரல் 5-ல் பெரிய கொந்தளிப்பு. ஒரு கல்லறை நாள் ஆட்சியையே ஆட்டிவிட்டது. பின்னால் 2008-லிருந்துதான் சிங்மிங் மறுபடி அரசு விடுமுறை ஆனது.

கோட்னிஸ் விஷயத்தில் அரசியல் இல்லையா? இருக்கத்தான் செய்கிறது. சீனத் தலைவர்கள் இந்தியா வந்தால் கோட்னிஸ் குடும்பத்தைப் பார்ப்பது ஒரு வழக்கம். 2006-ல் ஹு ஜிண்டாவ் பார்த்தார், 2013-ல் லி கெச்சியாங் பார்த்தார். சீனா 1982-லும் இந்தியா 1993-லும் அவருக்குத் தபால்தலை வெளியிட்டன. போட்டோவுக்கு நிற்கத் தோதான பெயர் என்பதால்தான் இவ்வளவும் என்று ஒருத்தர் சொன்னால் அதைச் சட்டென்று மறுக்க முடியாது. ஆனால் ஒன்று. இரண்டு நாட்டுக்கும் 1962-ல் போர் வந்தது. 2020-ல் கல்வான் பள்ளத்தாக்கில் நம்ம வீரர்கள் இருபது பேர் உயிரை விட்டார்கள். அதே 2020-ல்தான் ஷிஜியாஜுவாங்கில் கோட்னிஸுக்கு வெண்கலச் சிலை வைக்க ஏற்பாடு நடந்தது. தலைவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள விரும்பாத வருஷத்திலும் அந்த ஊர்க்காரர்கள் அவரை விடவில்லை. நான் அதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு நேர் எதிர்க் கண்ணாடி நம்ம நாட்டிலேயே இருக்கிறது. கல்கத்தாவுக்குத் தெற்கே, பட்ஜ் பட்ஜ் பக்கத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில் அச்சிப்பூர் என்று ஒரு ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அச்சியூ என்ற சீனர் வந்து, வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, கரும்பு போட்டு சர்க்கரை ஆலை வைத்தார். ரொம்ப நாள் இருக்கவில்லை, செத்துப்போனார். ஆலையும் போய்விட்டது. அவர் பெயர் மட்டும் ஊர்ப் பெயராக நின்றுவிட்டது. ஆற்றோரத்தில் குதிரை லாட வடிவத்தில், சிவப்பு வர்ணம் அடித்த அவர் கல்லறை இருக்கிறது. சீனப் புத்தாண்டு சமயத்தில் கல்கத்தாவின் சீனக் குடும்பங்கள் பஸ் பிடித்து, கார் பிடித்து அங்கே வந்து படையல் போட்டு, ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போவார்கள். அவர்களில் அச்சியூவின் நேர் வாரிசு என்று யாரும் இல்லை. முதலில் வந்தவர் என்பதால் எல்லோருக்கும் பொதுப் பாட்டன். 1962 போருக்குப் பிறகு இந்தியச் சீனர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேரை ராஜஸ்தானில் தியோலி முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். எத்தனையோ குடும்பம் பிறகு கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டது. மிச்சம் இருப்பவர்கள் இன்றும் அச்சிப்பூருக்கு வருகிறார்கள்.

நம்ம அத்திப்பட்டுக்குப் பக்கத்திலேயே அன்னியர் கல்லறை உண்டு. பொன்னேரி வரை டிரெயின், அங்கிருந்து பஸ், பழவேற்காடு. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பம், உள்ளே பதினேழாம் நூற்றாண்டிலிருந்து கிடக்கிற கற்கள். ஒவ்வொன்றிலும் செதுக்கு வேலை அப்படி நுணுக்கம். நம்ம வொர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் ஃபைல் போட்டாலே கை கடுக்கிறதே, கல்லில் இந்த வேலையை எப்படித்தான் செய்தார்களோ! தொல்லியல் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது, நல்ல விஷயம். ஆனால் பூ வைக்க யாரும் வருவதில்லை. வியாபாரத்துக்கு வந்தவர்கள், கோட்டை கட்டினார்கள், போய்விட்டார்கள். அவர்களிடம் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள இங்கே யாரும் இல்லை. மூன்று கல்லறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரத்த உறவு இல்லாமலும் கல்லறையைக் கூட்ட ஆள் வருவது எங்கே, வராதது எங்கே என்று தெரியும்.

ஷிஜியாஜுவாங்கில் கோட்னிஸின் சீனப் பெயரில் ஒரு மருத்துவத் தொழிற்பள்ளி நடக்கிறது. பல்கலைக்கழகம் இல்லை, ஏறக்குறைய நம்ம டிப்ளமோ மாதிரிதான். பள்ளிப் படிப்பின் நடுவிலேயே பிரிந்து வந்து, தொழில் கற்றுக்கொண்டு, சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். அங்கே சேருகிற மாணவர்கள் கோட்னிஸ் சிலை முன்னால் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். நாம் ஏப்ரல் எக்ஸாமுக்கு ஹால் டிக்கெட் வந்ததா, அரியர் பேப்பருக்குப் பணம் கட்டியாச்சா என்று ஓடிக்கொண்டிருக்கிற அதே வாரத்தில், அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு வெள்ளைப் பூவோடு தியாகிகள் தோட்டத்தில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.